யார்க்கியா, ஜாக் ரஸ்ஸலா: உங்கள் மாமியாரைக் கேட்டீர்களா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலம் அழகாபுரத்தில் மாடி வீடு. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு, கூட மாமியார். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். மாதம் இரண்டு முறை போய் வருகிறீர்கள். வீட்டுக்காரர் ஜாக் ரஸ்ஸல் டெரியர் கேட்கிறார், மகள் யார்க்‌ஷயர் டெரியர் (செல்லமாக யார்க்கி) கேட்கிறாள். "இரண்டுமே சின்ன நாய்தானே டாக்டர், எதை வாங்கினால் என்ன?" என்று முடித்திருக்கிறீர்கள்.

எதை வாங்கினால் என்ன என்று வாங்கியவர்களைத்தான் நான் கால்நடை மருத்துவனாக இருந்த முப்பத்தோரு ஆண்டுகளில் அதிகம் பார்த்தேன் அம்மா. நாய் நன்றாகத்தான் இருக்கும்; வீட்டில் இருப்பவர்கள்தான் இளைத்துப்போயிருப்பார்கள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 'டெரியர்' என்ற பெயரைப் பாருங்கள். லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். மண்ணுக்குள் போகிற நாய் டெரியர். வளைக்குள் தலையை விட்டு உள்ளே இருப்பதை வெளியே கிளப்புவதற்கென்றே வளர்த்தெடுத்த கூட்டம் இது. மடியில் உட்கார வைப்பதற்கென்றே வளர்த்த ஷிட்சூ போன்ற நாய்களின் கணக்கு வேறு. நீங்கள் கேட்கும் இரண்டும் மண் தோண்டும் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஒன்று அந்தத் தொழிலை இன்றுவரை விடவில்லை. மற்றது விட்டுவிட்டதுபோல் நடிக்கிறது.

1819இல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த ஜான் ரஸ்ஸல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெண் டெரியரை வாங்கினார். வெள்ளை உடம்பு, கண்ணுக்கும் காதுக்கும் மேல் பழுப்புத் திட்டு, வாலடியில் காசளவு இன்னொரு திட்டு. பின்னாளில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராகி, பிரசங்கத்தைவிட நரி வேட்டைக்கே பேர்போனவர் அவர். வேட்டை நாய்கள் துரத்தும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். உள்ளே போய்க் குரைத்து அதை வெளியே விரட்ட ஒரு சின்ன நாய் வேண்டும். நரியைக் கொன்றுவிடவும் கூடாது, பயந்து திரும்பி வந்துவிடவும் கூடாது. அதற்காக அவர் உருவாக்கிய வம்சம்தான் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. (அதே காலத்தில், 1820களில், சேலம் கலெக்டராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். ஆக உங்கள் மலைக் காப்பிக்கும் வீட்டுக்காரர் கேட்கும் நாய்க்கும் ஏறக்குறைய ஒரே வயது.)

அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருட்டில், மண்ணுக்கடியில், எஜமானின் குரல் காதில் விழாத இடத்தில், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நரிக்கு எதிரே, முன்னேறுவதா நிற்பதா என்று தானே முடிவெடுக்கிற நாய். இருநூறு ஆண்டுகளாக அந்தக் குணத்தைத்தான் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். பிறகு நாம் அழகாபுரத்தில் நின்றுகொண்டு, "கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது" என்று குறைப்பட்டால் எப்படி?

யார்க்கியின் கதை நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து நெசவாளிகள் பிழைப்புத் தேடி யார்க்‌ஷயர், லங்காஷயர் ஆலைகளுக்கு வந்தபோது, நீள முடி வைத்த சின்ன டெரியர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். நூல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அம்மாப்பேட்டையில் தறிக்குழிக்குள் கால் வைத்து நெய்த பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரே இரவில் எலி பாவு நூலைக் கடித்துவிட்டால் எத்தனை நாள் உழைப்பு போகும் என்று. அந்த எலியைப் பிடிக்க வளர்ந்த நாய்தான் இது. இந்த இனத்தின் தகப்பன் என்று சொல்லப்படும் ஹட்டர்ஸ்ஃபீல்டு பென் 1865இல் பிறந்து 1871இல் இறந்தது. அது கண்காட்சியிலும் பரிசு வாங்கியது, எலி பிடிக்கும் போட்டியிலும் வாங்கியது. அப்புறம்தான் பணக்காரப் பெண்மணிகள் அதைத் தூக்கி மடியில் வைத்தார்கள். உடம்பு சிறுத்தது, முடி நீண்டது. இன்றைய பிரிட்டிஷ் இன வரையறைப்படி அதன் எடை 3.2 கிலோவைத் தாண்டக் கூடாது.

ஆனால் புத்தி போகவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது நியூகினியில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி என்ற யார்க்கியின் எடை இரண்டு கிலோகூட இல்லை. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் விமான ஓடுபாதைக்கு அடியில் கிடந்த சுமார் 21 மீட்டர் நீளக் குழாய்க்குள் தந்திக் கம்பியை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் வெளியே வந்தது அது. பொம்மை நாய் என்று உங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்தால் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

ஜாக் ரஸ்ஸல் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம், ஐந்து ஆறு கிலோ எடை. கையில் தூக்கினால் சின்ன நாய். தரையில் விட்டால் சின்ன நாய் இல்லை. தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். அதைவிட முக்கியம், மூக்குக்கும் மூளைக்கும் வேலை. அது கிடைக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும். அந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல. கறிவேப்பிலைச் செடியின் வேர், மெத்தையின் மூலை, துவைக்கும் இயந்திரத்தின் பின்பக்கக் குழாய், காம்பவுண்டுச் சுவரில் ஓடும் அணில். நான்கடிச் சுவரை அது பொருட்படுத்தாது. ஒரு ஜாக் ரஸ்ஸல், அணிலைத் துரத்திக்கொண்டு முதல் மாடி ஜன்னல் விளிம்பிலிருந்து குதித்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டு என்னிடம் வந்தது. எக்ஸ்ரே மேசையில் படுக்க வைத்திருக்கும்போதும் கண் ஜன்னல் பக்கமே இருந்தது.

மாதம் இரண்டு முறை மலையில் ஓடட்டுமே என்று வீட்டுக்காரர் சொல்வார். அங்கேதான் எனக்குக் கவலை.

நான் ஏற்காட்டில் பணியில் இருந்தபோது ஒரு காலை ஏழு மணிக்கு, தோட்ட மேஸ்திரி ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு ஜாக் ரஸ்ஸலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு வளை. முந்தைய நாளிலிருந்தே அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. விடிந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே எலி இருந்ததோ என்னவோ, நாகம் இருந்தது. மேசையில் கிடத்தியபோது மேலுதட்டோரம் இரண்டு பொட்டு, முகம் ஒரு பக்கம் வீங்கி, இமைகள் பாதி விழுந்து, வாயில் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைத் தூக்க முடியவில்லை. ஆனால் நாய் குரைக்க முயன்றுகொண்டே இருந்தது; சத்தம்தான் வரவில்லை. நஞ்சுமுறி மருந்து கையிருப்பில் இருந்தது அதன் அதிர்ஷ்டம். மூச்சு தடுமாறியபோது குழாய் போட்டு, மாற்றி மாற்றிக் கையால் காற்றைச் செலுத்தினோம். மாலை நான்கு மணிக்கு வாலை ஆட்டியது. கடிபட்ட இடத்தில் சதை அழுகிப் புண்ணாகி ஆறப் பல நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் மருந்து கட்டி அனுப்பினேன். அன்று மாலையே மேஸ்திரி சொல்லி அனுப்பினார்: போன கையோடு அதே வளையில் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறதாம்.

கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்று பெயர். அந்த ரஸ்ஸல் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், நம் பாதிரியாருக்குச் சம்பந்தமில்லாதவர். ஆனாலும் இந்த இரண்டு ரஸ்ஸல்களும் ஒரே காப்பிச் செடியடியில் சந்திப்பதை நான் விரும்பமாட்டேன். மலையில் காட்டெருமையும் வருகிறது. மற்ற நாய்கள் அதைப் பார்த்தால் ஒதுங்கும். ஜாக் ரஸ்ஸல் அதன் காலடிக்குப் போய்க் குரைக்கும். தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் நீளக் கயிற்றில்தான், ஒரு ஆளின் கையில்தான்.

இதையெல்லாம் சொல்வதால் எனக்கு அந்த இனம் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். நாய்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சிரிக்கும், ஏமாற்றும், கற்றுக்கொடுத்ததை இரண்டே நாளில் பிடித்துக்கொள்ளும், நோய்நொடி அதிகம் இல்லை. முழங்கால் சில்லு நழுவுதல், கண்வில்லை இடம் பெயர்தல், சிலவற்றுக்குப் பிறவிச் செவிடு, இவ்வளவுதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஓடுகிற ஒரு மனிதனுக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததை வைத்தே ஊகித்துக்கொள்கிறேன்.

யார்க்கியின் தொல்லை வேறு மாதிரி. அது வீட்டை உடைக்காது, தானே உடைந்துவிடும்.

சோபாவிலிருந்து குதித்தால் முன்னங்கால் எலும்பு முறியலாம். பென்சில் பருமன்கூட இல்லாத எலும்பு அது. கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி இழுத்தால் மூச்சுக்குழாய்க்குக் கேடு. இந்த இனத்தில் அந்தக் குழாயின் வளையங்கள் தளர்ந்து தட்டையாகிவிடும் நோய் அதிகம். வாத்து கத்துவதுபோல் ஓர் இருமல் வரும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் போட வேண்டும், ஆயுள் முழுக்க. அப்புறம் பல். சின்ன வாயில் நாற்பத்திரண்டு பல்லும் நெருக்கிக்கொண்டு நிற்கும். பால்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப் பல்லும் முளைத்து, இடையில் அழுக்கு சேர்ந்து, ஐந்தாறு வயதில் ஈறு அழுகி நாற்றம் வரும். தினமும் பல் துலக்கிவிட வேண்டும். நாய்க்கான பற்பசையில்தான். நாம் துலக்குவது அதற்கு ஆகாது.

குட்டியாக இருக்கும்போது இன்னொன்று. சூரமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் விடியற்காலை ஐந்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டியது. கடையில் 'டீக்கப் யார்க்கி' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டி. ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. துணிபோல் தொங்கியது. ஈறு வெளுத்துச் சில்லென்று இருந்தது. அவர்கள் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று பயந்தே வந்திருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். அதுதான் நோய். சமையலறையிலிருந்து சர்க்கரையைக் கரைத்து எடுத்துவந்து விரலால் ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் நாக்கு அசைந்தது. அப்புறம் தலை. அப்புறம் என் விரலைக் கடித்தது. இவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க இடம் இல்லை; நான்கு மாதம் ஆகும்வரை மூன்று நான்கு மணிக்கொரு முறை ஏதாவது உள்ளே போக வேண்டும். 'டீக்கப்' என்று எந்த இனமும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்த கென்னல் சங்கமும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

இப்போது முடி. உங்கள் மகள் படத்தில் பார்த்து மயங்கியது அதைத்தான். மற்ற பல நாய்களுக்கு இருப்பதுபோல் இதற்கு அடிமயிர் இல்லை. ஒரே அடுக்கு, நம் தலைமுடிபோல் வளர்ந்துகொண்டே போகும், அதிகம் உதிராது. (அதனால் ஒவ்வாமையே வராது என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒவ்வாமைக்குக் காரணம் எச்சிலும் தோல் பொடுகும்தான். வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் முதலில் ஒரு யார்க்கியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.) உதிராத முடி சிக்காகும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், ஹார்னஸ் உராயும் இடத்தில் முதலில் பிடிக்கும். காதுக்குப் பின்னால் விரலை விட்டால் முதல் நாள் இலவம்பஞ்சுபோல் ஒரு சின்ன உருண்டை தட்டுப்படும். அன்றைக்கே விரலால் பிரித்துவிட்டால் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அது தோலோடு ஒட்டிய தக்கையாகிவிடும், பிறகு கத்திரிதான். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இறுகிக் கயிறாகும். சீவுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து, நுனியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். நம் பாசம் புரிகிறது, ஆனால் அந்த எண்ணெய் சேலத்துத் தூசியை முழுக்க வாரிக்கொள்ளும். சேலம் வெயிலுக்கு நான் சொல்வது, கண்காட்சி முடியை மறந்துவிட்டு உடம்பு முழுக்க ஓர் அங்குலத்துக்கு வெட்டிவிடுங்கள். மொட்டை வேண்டாம், தோல் வெந்துவிடும். மகளுக்கு முகத்தில் கொஞ்சம் விட்டு ஒரு ரிப்பன் கட்டிக்கொடுத்தால் போதும்.

இப்போது நான்கு வயது மகன். இந்த வயதுப் பையன் நாயைத் தூக்குவான். தூக்கிக்கொண்டு ஓடுவான். கைநழுவிப் போடுவான். ஜாக் ரஸ்ஸல் என்றால் கீழே விழுந்து எழுந்து, அடுத்த முறை கை நீளும்போது பல்லைக் காட்டும். வாயில் இருக்கும் பந்தைப் பிடுங்கினால் கடிக்கவும் செய்யும். யார்க்கி என்றால் விழுந்த இடத்தில் கால் முறியும், தலையில் அடிபடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒன்றில் குழந்தைக்கு ஆபத்து, மற்றதில் நாய்க்கு ஆபத்து. பையனுக்கு ஒரே விதி: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் நாய் மடிக்கு வரும், நின்றுகொண்டு தூக்கக் கூடாது. இந்த விதியை ஒரு நான்கு வயதுப் பையன் நாள் முழுக்கக் கடைப்பிடிப்பான் என்று நம்புகிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

யார் அந்தப் பெரியவர்?

உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரரின் ஆசைக்கு ஒரு பத்தி இருக்கிறது, மகளின் ஆசைக்கு இரண்டு பத்தி. மாமியாருக்கு "கூட மாமியாரும் இருக்கிறார்" என்று அரை வரி. நீங்கள் இருவரும் ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்புகிறீர்கள். பெண் பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். பையன் மதியம் வந்துவிடுகிறான். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு எட்டு ஒன்பது மணி நேரம், அந்த நாய் உங்கள் மாமியாருடையது. சிறுநீர் கழித்த இடத்தைத் துடைப்பது அவர். மூன்று மணிக்கொரு முறை குட்டிக்குச் சோறு வைப்பது அவர். பையன் நாயைத் தூக்கும்போது "டேய், கீழே விடு" என்று சொல்ல வேண்டியதும் அவர். அவருக்கு எத்தனை வயது, முழங்கால் எப்படி, நாய் என்றால் பிடிக்குமா, பூஜை அறைப் பக்கம் வந்தால் என்ன செய்வார், எதுவுமே கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜாக் ரஸ்ஸலை அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது எதிரே ஒரு பூனை வந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவரை நேரில் பார்த்திருக்கிறேன். யார்க்கியிலும் ஆபத்து உண்டு, காலடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தடுக்கும். அதற்குக் கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டிவிடலாம். கொலுசு மணி செய்கிற ஊரில் மணிக்கா பஞ்சம்? ஆனால் கூடவே உட்கார்ந்திருக்க ஒரு துணை வேண்டும், நாள் முழுக்க நடக்க முடியாது, மாலையில் பேத்திக்குச் சிக்கெடுத்துப் பின்னிவிடுகிற கை இருக்கிறது என்றால், யார்க்கிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்கு வேண்டிய நடை ஒரு நாளைக்கு அரை மணி. மீதியை வீட்டுக்குள்ளேயே ஓடித் தீர்த்துக்கொள்ளும்.

ஆகவே என் பதில் இது. உங்கள் வீட்டுக்கு யார்க்‌ஷயர் டெரியர். ஆனால் குட்டி வேண்டாம். இரண்டு வயதைத் தாண்டிய, மூன்று கிலோவுக்குக் குறையாத, குழந்தைகள் இருந்த வீட்டில் வளர்ந்த ஒன்று கிடைக்குமா என்று தேடுங்கள். வெளிநாடு போகிறவர்கள், ஊர் மாறுகிறவர்கள் கொடுப்பதுண்டு. குட்டிதான் வேண்டும் என்று மகள் அழுதால், தம்பிக்கு ஆறு வயது ஆகட்டும் என்று சொல்லுங்கள். மாமியாருக்கு நாய் வேண்டாம் என்றால் இரண்டும் வேண்டாம். வீட்டுக்காரர் ஜாக் ரஸ்ஸலில் பிடிவாதமாக இருந்தால், நாய் இல்லாமலே மூன்று மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் நடந்து காட்டட்டும். மழை நாளையும் சேர்த்துத்தான். நடந்துவிட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், நானே நல்ல குட்டியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆயுளில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜ் தலைமையில் 2022இல் வெளியான ஆய்வில், பிறக்கும்போது எதிர்பார்க்கும் சராசரி ஆயுள் ஜாக் ரஸ்ஸலுக்கு 12.72 ஆண்டு, யார்க்கிக்கு 12.54. அங்கே பார்த்த இனங்களில் முதல் இரண்டு இடமும் இவைதான். உங்கள் மகள் கல்லூரி முடிக்கும்போதும் நாய் வீட்டில் இருக்கும், அவள் இருக்கிறாளோ இல்லையோ.

வெயிலும் மலையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் நாற்பது டிகிரியைத் தொடும். காலை ஏழுக்கு முன், மாலை ஆறரைக்குப் பின்தான் நடை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. ஜாக் ரஸ்ஸல் பந்து போட்டால் மயங்கி விழும்வரை ஓடும், நாம்தான் நிறுத்த வேண்டும். ஏற்காட்டில் எதிர்ப் பிரச்சினை: அடிமயிர் இல்லாத யார்க்கிக்கு டிசம்பர், ஜனவரி இரவுகள் தாங்காது. ஒரு சட்டை போட்டு, உங்கள் படுக்கையறையிலேயே படுக்க வையுங்கள். மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவு. வளர்ந்த நாய்க்குக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும். யார்க்கிக் குட்டிக்கு மட்டும் அப்படிப் பட்டினி போடாதீர்கள். ஏன் என்று சூரமங்கலத்துக் கதையில் சொல்லிவிட்டேன். தோட்டத்திலிருந்து திரும்பியதும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி, மூன்றிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சலில் நான் இழந்த நாய்கள் பாம்புக்கடியில் இழந்ததைவிடப் பல மடங்கு. மாதாந்திர உண்ணி மருந்தை மழைக்காலத்திலும் நிறுத்தாதீர்கள். எலி பிடிக்கிற ஜாதி என்பதால் எலிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும். ரேபிஸ் ஊசியைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

சாப்பாட்டில் இரண்டே எச்சரிக்கை, இரண்டும் நம் ஊருக்கே உரியவை. தட்டுவடை செட் சாப்பிடும்போது பையன் பாதியை நாய்க்கு நீட்டுவான். அதிலுள்ள வெங்காயமும் பூண்டுச் சட்னியும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும்; மூன்று கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும். அடுத்தது மாம்பழக் காலம். சப்பிப்போட்ட மாங்கொட்டையை ஜாக் ரஸ்ஸல் அப்படியே விழுங்கிவிடும், அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அப்படி நானே அனுப்பிவைத்தது உண்டு. வயிற்றைத் திறந்தபோது கொட்டை நார்கூடக் கலையாமல் வந்தது என்று பிறகு சொன்னார்கள். மலையில் காப்பிக் கொட்டை காயப்போட்டிருக்கும் களத்துப் பக்கமும் விடாதீர்கள், அதுவும் நாய்க்கு ஆகாது.

வாங்கும் இடத்தில் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி குற்றம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் காட்டினால் நல்லதுதான், ஆனால் அது பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சியும் நடப்பதுண்டு. குட்டி வாங்க அல்ல, வளர்ப்பவர்களோடு பேசுவதற்காகப் போங்கள். சோறு எவ்வளவு என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது தூக்கமில்லாமல் இருந்தீர்கள் என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால், யார்க்கி வளர்க்கிற ஒரு வீட்டைச் சேலத்திலேயே கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகள் வேண்டாம், வீட்டுக்காரரும் வேண்டாம். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். அது அவர் காலடிக்கு வந்ததும் புடவையை இழுத்துக்கொண்டு "சீ, தள்ளிப் போ" என்கிறாரா, அல்லது தன்னையறியாமல் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் இருக்கிற சிக்கை விரலால் பிரிக்கத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். எதுவானாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.